மொட்டைமாடியில் வட்டமிடுவது யார்?

(மார்ச் மாதப் பொதுக்குழுக் கூட்டத்தின் முடிவில், சி பிளாக்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



மெயின்டனன்ஸ் கணக்கு, தண்ணீர் லாரி, பார்க்கிங் எல்லாம் பேசி முடித்து எல்லோரும் களைத்திருக்கிறீர்கள். செயலாளர் சார் எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். அதற்குள் முடித்துவிடுகிறேன்.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். போன வாரம் பி பிளாக் அம்மா ஒருவர் வடாம் காயவைக்க மொட்டைமாடிக்குப் போனபோது, பின்னாலிருந்து ஒரு பறவை பாய்ந்து தலையில் கீறிவிட்டது. நல்லவேளை, சின்னக் காயம்தான். அன்று மாலையே வாட்ஸ்அப் குழுவில் "கழுகு", "ராஜாளி", "குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடும்" என்று செய்திகள் வந்தன. தூங்குமூஞ்சி மரத்தின் கிளையை வெட்டிக் கூட்டை இறக்கிவிட வேண்டும் என்று கமிட்டிக்கு மனுவும் வந்திருக்கிறது. முடிவெடுக்கும் முன் அது என்ன பறவை என்று தெரிந்துகொள்வோம் என்றுதான் இங்கே நிற்கிறேன்.

வளைந்த அலகு இருக்கும் எல்லாவற்றையும் கழுகு என்று சொல்லிவிடுவது நம் பழக்கம். பறக்கும் பறவையை அடையாளம் காண நான் ஒரு வரிசை வைத்திருக்கிறேன். முதலில் அளவு: காக்கையைவிடப் பெரிதா, புறா அளவா? இரண்டாவது வாலின் நுனி. மூன்றாவது இறக்கையின் வடிவம். நான்காவது, அது என்ன செய்கிறது. நிறம் கடைசியில்தான். வெயிலுக்கு எதிரே பார்த்தால் எல்லாப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும். குஞ்சுப் பருவத்து நிறமும் வளர்ந்த பறவையின் நிறமும் வேறாக இருக்கும்.

இந்த வரிசைப்படி நம் வானத்தைப் பார்ப்போம்.

காக்கையைவிட நன்றாகப் பெரிது, பழுப்பு நிறம், வால் நுனி நடுவில் உள்வாங்கி மீன்வால் போலப் பிளவாக இருக்கிறது, பறக்கும்போது வாலை இப்படியும் அப்படியும் திருப்புகிறது என்றால் அது கரும்பருந்து. குப்பைமேடு, மீன் மார்க்கெட், கோழிக்கடை எங்கும் சுற்றுவது இதுதான்.

வால் நுனி வட்டமாக இருந்து, தலையும் மார்பும் வெள்ளையாக, மற்ற உடல் செங்கல் நிறமாக இருந்தால் செம்பருந்து. நாம் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்வது இதைப் பார்த்துத்தான். ஏரி, சதுப்பு நிலம், கடற்கரைப் பக்கம் அதிகம். இதன் இளம் பறவை முழுக்கப் பழுப்பாக இருக்கும். அதைக் கரும்பருந்து என்றே பல வருடம் என் நோட்டில் எழுதி வைத்திருந்தேன். நிறத்தைப் பார்த்தேன், வாலைப் பார்க்கவில்லை. வட்டமான வால் என்று கவனித்த பிறகு பழைய பக்கங்களை அடித்துத் திருத்தினேன்.

புறா அளவுதான் இருக்கிறது, இறக்கை குட்டை, வால் நீளம், வாலில் பட்டை பட்டையாகக் கோடு, நாலைந்து முறை இறக்கையடித்துப் பிறகு சற்று மிதந்து போகிறது என்றால் அது வைரி. சில புத்தகங்களில் வல்லூறு என்றும், ஆங்கிலப் புத்தகங்களில் ஷிக்ரா என்றும் இருக்கும். இலைக்குள் ஒளிந்திருந்து ஓணான், அணில், சின்னப் பறவைகளைப் பிடிக்கும். அணில்கள் விடாமல் கத்தினால் மேலே பாருங்கள், அநேகமாக இவர் இருப்பார். அக்காக்குயிலும் பார்க்க இப்படியே இருந்து ஏமாற்றும். அதன் அலகு கொக்கி போல வளைந்திருக்காது.

காலி மனைக்கு மேலே ஒரே இடத்தில் இறக்கையடித்தபடி நிற்கும் வெள்ளைச் சாம்பல் பறவை, தோளில் கறுப்புத் திட்டு இருந்தால், கருந்தோள் பருந்து. எலி பிடிப்பதில் கெட்டிக்காரர். குளிர்காலத்தில் பள்ளிக்கரணைப் பக்கம் போனால், இறக்கையை ஆங்கில 'வி' எழுத்துப் போல உயர்த்தி, நாணலுக்குச் சற்று மேலே தாழ்வாக மிதக்கும் சேற்றுப் பூனைப்பருந்தைப் பார்க்கலாம். அது வடக்கே இருந்து வரும் விருந்தாளி.

இப்போது நம் தூங்குமூஞ்சி மரத்துக்கு வருவோம். என் வீட்டு பால்கனியிலிருந்து பைனாகுலரில் பார்த்தேன். காக்கையைவிடப் பெரிது, பழுப்பு, வால் பிளவு. கரும்பருந்து, சந்தேகமே இல்லை. கூட்டில் குச்சியோடு கிழிந்த துணி, பிளாஸ்டிக் பை எல்லாம் செருகியிருக்கிறது. அதுவும் இந்தப் பறவையின் கைவண்ணம்தான். உள்ளே இரண்டு குஞ்சுகளின் தலை தெரிகிறது.

இதன் எடை ஒரு கிலோகூட இருக்காது. குழந்தையைத் தூக்குவது நடக்காத காரியம். ஆனால் அந்த அம்மாவுக்கு வலித்தது உண்மை, அவர் பயந்ததும் நியாயம். கூடு மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து சில அடி தூரத்தில்தான் இருக்கிறது. குஞ்சு இருக்கும் நாட்களில் யார் நெருங்கினாலும் தாயும் தகப்பனும் பாயும். பொரித்த ஆறேழு வாரத்தில் குஞ்சுகள் பறக்க ஆரம்பிக்கும், அதோடு இந்தக் கோபமும் போய்விடும். கூட்டைக் கலைப்பது 1972-ம் வருட வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டையாடுவதற்குச் சமம் என்பதையும் கமிட்டியின் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

இன்னொரு கவலையும் உண்டு. இதே கூட்டத்தில் எலித்தொல்லைக்கு விஷ மருந்து வைக்கத் தீர்மானம் வந்தது. அந்த மருந்து தின்ற எலி உடனே சாகாது. சில நாள் தள்ளாடிக்கொண்டு திரியும். ஆந்தைக்கும் பருந்துக்கும் முதலில் அகப்படுவது அந்த எலிதான். விஷம் அவற்றின் வயிற்றுக்கும் போகும். பம்ப் ரூம் பின்னால் இருக்கும் புள்ளி ஆந்தை ஜோடி நமக்குச் சம்பளம் இல்லாமல் இரவுக் காவல் பார்க்கிறது. அதற்கு நாமே விஷம் வைக்க வேண்டாம்.

இப்படி ஒன்றுக்கு வைத்தது இன்னொன்றைக் கொன்ற கதை நம் நாட்டில் நடந்திருக்கிறது. மாட்டுக்கு வலி குறையப் போட்ட டைக்ளோஃபெனாக் மருந்து, செத்த மாட்டைத் தின்ற பாறுகளை, அதாவது பிணந்தின்னிக் கழுகுகளை, கூட்டம் கூட்டமாகக் கொன்றது. காரணம் தெரிந்து 2006-ல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்வதற்குள் பெரும்பகுதி போய்விட்டது.

திருக்கழுக்குன்றத்தில் உச்சிவேளையில் மலைக்கு வந்து பிரசாதம் சாப்பிட்ட இரண்டு கழுகுகளை இங்கே பெரியவர்கள் பலர் பார்த்திருப்பீர்கள். நானும் அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்தேன். அவை மஞ்சள்முகப் பாறுகள். வெள்ளை உடல், இறக்கையில் கறுப்பு, மஞ்சள் முகம். இப்போது அவை வருவதில்லை. ஊர்ப்பெயரில் மட்டும் கழுகு இருக்கிறது.

அதனால் கமிட்டிக்கு என் கோரிக்கை நான்கு. ஒன்று, மரத்தை ஒட்டிய பி பிளாக் மொட்டைமாடிப் பகுதியை ஏப்ரல் கடைசி வரை கயிறு கட்டி மூடி வைப்போம். வடாமும் துணியும் ஏ பிளாக் மாடியில் காயட்டும். டேங்க் பார்க்கப் போகும் பிளம்பர் குடை பிடித்துப் போகட்டும். இரண்டு, கிளை வெட்டுவதாக இருந்தால் குஞ்சுகள் பறந்த பிறகு, கூடு காலியாக இருப்பதை உறுதி செய்துகொண்டு வெட்டலாம். மூன்று, எலிக்கு விஷத்துக்குப் பதில் கூண்டுப் பொறி வைப்போம், குப்பை அறைக் கதவின் அடியில் இருக்கும் சந்தை அடைப்போம். நான்கு, இறைச்சிக் கழிவை மூடி போட்ட தொட்டியில் போடுவோம். மாடியிலிருந்து பருந்துக்குக் கோழித்துண்டு வீசுபவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். கையிலிருந்து பிடுங்கும் பழக்கம் அப்படித்தான் வருகிறது.

வரும் ஞாயிறு காலை ஒன்பதரைக்கு ஏ பிளாக் மாடியில் இருப்பேன். தரை சூடாகிக் காற்று மேலே எழும் நேரம் அது. பருந்துகள் இறக்கையடிக்காமல் வட்டமிடுவதைப் பார்க்கலாம். என்னிடம் ஒரு பைனாகுலர் இருக்கிறது, மாற்றி மாற்றிப் பார்ப்போம். பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். காயம்பட்ட அம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவரைக் கீறியது யார் என்று அவருக்குக் காட்டுவதாக நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

 காபி ஆறிவிடும், வாருங்கள்.