பிள்ளைகளின் தட்டில் சாசேஜ்: வைக்கலாமா, வேண்டாமா?

(முன்னாள் மாணவர் சங்கக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உணவும் உடல்நலமும்" என்று செயலாளர் எனக்குத் தலைப்புக் கொடுத்தார். அது கடல். இருபது நிமிடத்தில் கடலைக் குடிக்க முடியாது. அதனால் நம் தோழர்கள் பல பேர் தனியாகக் கூப்பிட்டுக் கேட்கிற ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். "ஏனுங்க, பையன் டிபன் பாக்ஸில சாசேஜ் வெச்சாத்தான் காலி பண்ணிட்டு வர்றான். இட்லி வெச்சா அப்படியே திரும்பி வருது. வெக்கலாமா, வேண்டாமா?"

வீட்டுக்கு வீடு இதில் இரண்டு கட்சி. ஒரு கட்சி, "அது கேன்சருங்க, தொடாதே" என்கிறது. இன்னொரு கட்சி, "வெள்ளைக்காரன் காலத்திலிருந்து இந்த மலையில பேக்கனும் ஹாமும் சாப்பிட்டுத்தானே இருக்காங்க, என்ன ஆயிடுச்சு?" என்கிறது. இரண்டு கட்சியிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. எந்தக் கட்சியிலும் முழு நியாயம் இல்லை.

இந்தக் கேள்வியைக் கேட்க நீலகிரியைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. ஏன் என்று சொல்கிறேன். குன்னூர் சிம்ஸ் பார்க் பக்கத்தில் இருக்கும் பாஸ்டர் இன்ஸ்டிடியூட் நம் எல்லோருக்கும் தெரியும். 1907-இல் வெறிநாய்க்கடி சிகிச்சைக்காகத் தொடங்கிய நிறுவனம். அங்கே ஒரே ஒரு அறையில், 1918-இல், ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கினார். அந்த ஓர் அறைதான் வளர்ந்து 1928-இல் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடம் ஆயிற்று. 1958-இல் ஐதராபாத்துக்குப் போயிற்று. 1969 முதல் அதற்கு தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர். இன்று இந்தியா முழுவதும் ஒருவர் எவ்வளவு பருப்பு, எவ்வளவு கீரை சாப்பிட வேண்டும் என்று சொல்கிற நிறுவனத்துக்குப் பிறந்த வீடு குன்னூர். நம் நாட்டு உணவுகளில் என்னென்ன சத்து என்று அட்டவணை போட்டு, மெக்காரிசனுக்குப் பின் வந்த அய்க்ராய்ட் 1937-இல் வெளியிட்ட நூலும் இங்கே உருவானதுதான்.

மெக்காரிசன் குன்னூரில் எலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார். ஒரு கூட்டத்துக்குப் பஞ்சாப் சீக்கியர் சாப்பாடு: முழுக்கோதுமை ரொட்டியில் வெண்ணெய், பால், முளைகட்டிய கடலை, பச்சைக் கேரட், பச்சை முட்டைக்கோஸ், வாரம் ஒரு தடவை எலும்போடு கொஞ்சம் புது இறைச்சி. இன்னொரு கூட்டத்துக்கு இங்கிலாந்து ஏழைத் தொழிலாளர் சாப்பாடு: வெள்ளை ரொட்டி, மார்கரின், சர்க்கரை தூக்கலாகப் போட்டு பால் குறைவாக ஊற்றிய டீ, வெந்த கோஸ், வெந்த உருளைக்கிழங்கு, மலிவான ஜாம், டப்பா இறைச்சி. முதல் கூட்டம் நன்றாக வளர்ந்தது, ஒன்றோடு ஒன்று இணக்கமாக இருந்தது. இரண்டாவது கூட்டம் வளர்ச்சி குன்றிப்போனது. அறுபது நாள் வாக்கில், வலுத்தவை நோஞ்சானைக் கொன்று தின்னத் தொடங்கின.

உடனே "பாத்தீங்களா, டப்பா இறைச்சி எலியையே கெடுத்துடுச்சு" என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அந்தத் தட்டில் டப்பா இறைச்சி ஒரு பங்குதான். வெள்ளை ரொட்டியும் ஜாமும் சர்க்கரை டீயும் சேர்ந்துதான் அந்தக் கதி. அதே சமயம், நன்றாக வளர்ந்த கூட்டத்துத் தட்டிலும் இறைச்சி இருந்தது என்பதையும் பாருங்கள். அது புது இறைச்சி, வாரம் ஒரு தடவை. குன்னூர் நமக்குச் சொல்லித் தந்த பாடம் இதுதான்: ஒரு பண்டத்தை மட்டும் பார்க்காதே, முழுத் தட்டையும் பார். நான் இன்று சொல்ல வந்ததும் இவ்வளவுதான். மீதியெல்லாம் அதன் விளக்கம்.

பதப்படுத்திய இறைச்சி என்றால் என்ன? உப்பிட்டோ, புளிக்கவைத்தோ, புகையூட்டியோ, வேறு வழியிலோ கெடாமலும் ருசியாகவும் இருக்கும்படி மாற்றிய இறைச்சி. சாசேஜ், சலாமி, ஹாம், பேக்கன் எல்லாம் இதில் சேரும். கோழி சாசேஜும் சேரும். "நாங்க சிக்கன்தான் குடுக்கறோம், பன்றி இல்ல" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. நம் பாட்டிமார் மஞ்சளும் உப்பும் தடவி வெயிலில் காயவைத்த உப்புக்கண்டமும் இந்த வரையறைக்குள் வந்துவிடும். ஆனால் பாட்டி அதை வருடத்தில் சில நாள்தான் எடுத்தாள். தினமும் டிபன் பாக்ஸில் வைக்கவில்லை.

கடைச் சரக்கில் கூடுதலாக ஒன்று சேர்கிறது: சோடியம் நைட்ரைட். வேதியியல் படிக்கும் தம்பி, தங்கைகள் கவனியுங்கள். பாக்கெட்டின் பின்பக்கத்தில் ஐ.என்.எஸ். 250 என்று போட்டிருந்தால் அதுதான் இது. 251 என்றால் நைட்ரேட். இதை வீணுக்குச் சேர்க்கவில்லை. பொட்டுலிசம் என்ற உயிர்க்கொல்லி நஞ்சை உண்டாக்கும் கிருமியை அது தடுக்கிறது. ஹாமுக்கு அந்த ரோஜா நிறத்தைத் தருவதும் அதுதான். அது இல்லாவிட்டால், வெந்த கறி போலச் சாம்பல் நிறமாகிவிடும். சங்கடம் எங்கே வருகிறது என்றால், அதிகச் சூட்டில் பொரிக்கும்போதும் வயிற்றுக்குள்ளும், நைட்ரைட் இறைச்சியிலுள்ள அமீன்களோடு கூடி நைட்ரோசமீன் வகைப் பொருள்களை உண்டாக்குகிறது. அவற்றில் பல புற்றுநோயைத் தூண்டக்கூடியவை.

"கீரையிலும் பீட்ரூட்டிலும் கூட நைட்ரேட் இருக்கே சார்?" என்று ஒரு கெட்டிக்கார மாணவர் கேட்பார். இருக்கிறது. ஆனால் அங்கே வைட்டமின் சி-யும் மற்ற தாவரச் சத்துகளும் கூடவே வந்து அந்த வினையைத் தடுக்கின்றன. கூட இறைச்சியும் இல்லை. ஆகவே கீரையைக் கைவிட இது சாக்கு ஆகாது.

2015 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, 10 நாடுகளைச் சேர்ந்த 22 நிபுணர்களைக் கூட்டி ஆராய்ந்து, பதப்படுத்திய இறைச்சியை முதல் பிரிவில் சேர்த்தது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று போதிய சான்று உள்ள பொருள்களின் பிரிவு அது. புகையிலையும் அதே பிரிவில் இருப்பதால், "ஒரு சாசேஜ் ஒரு சிகரெட்டுக்குச் சமம்" என்று ஒரு பேச்சு கிளம்பிவிட்டது. அது தவறு. சான்று எவ்வளவு உறுதி என்பதைத்தான் அந்தப் பிரிவு சொல்கிறது. ஆபத்து எவ்வளவு பெரிது என்பதைச் சொல்லவில்லை. அப்போது தரப்பட்ட கணக்குப்படி உலகில் ஆண்டுக்குப் புகையிலையால் வரும் புற்றுநோய்ச் சாவு சுமார் 10 லட்சம், மதுவால் 6 லட்சம், பதப்படுத்திய இறைச்சி மிகுந்த உணவால் 34 ஆயிரம். வித்தியாசத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு 18 சதவீதம் கூடுகிறது என்றார்கள். 250 கிராம் பாக்கெட்டில் பத்து சாசேஜ் இருந்தால், 50 கிராம் என்பது இரண்டு. 18 சதவீதம் என்றால் நூற்றில் பதினெட்டுப் பேருக்கு வரும் என்று அர்த்தமில்லை. ஓர் ஊரில் நூறு பேரில் ஐந்து பேருக்கு வரக்கூடியது, எல்லோரும் தினமும் இரண்டு சாசேஜ் சாப்பிட்டால் ஆறு பேருக்கு வரலாம். அவ்வளவுதான். ஆனால் அந்த ஆறாவது ஆள் யார் என்று யாருக்கும் தெரியாது அல்லவா? அதனால் அலட்சியமும் கூடாது.

இந்தக் கணக்கெல்லாம் பெரியவர்களை வைத்துப் போட்டது. பிள்ளைகள் விஷயத்தில் எடைபோட, பெற்றோர் நான்கு கேள்வி கேட்டுக்கொண்டால் போதும்.

முதல் கேள்வி: எத்தனை தடவை? இவ்வளவு வரை பாதுகாப்பு என்று ஓர் எல்லையை யாரும் கோடு போட்டுத் தரவில்லை. குறையக் குறைய நல்லது. பிறந்தநாள் விருந்தில் சாப்பிட்டால் பதற வேண்டாம். பண்டிகைப் பலகாரத்தை எப்படி வைத்திருக்கிறோமோ அப்படி வைத்துக்கொள்ளுங்கள். திங்கள் முதல் வெள்ளி வரை டிபன் பாக்ஸ் என்றால் அது பழக்கம். ஆறு வயதில் பிடித்த ருசி அறுபது வயது வரை கூட வரும். உப்பையும் மறக்காதீர்கள். பெரியவருக்கே ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள். 100 கிராம் சாசேஜில் பெரும்பாலும் 2 கிராம் அளவுக்கு உப்பு இருக்கிறது. சின்ன வயிற்றுக்கு அது அதிகம்.

இரண்டாவது கேள்வி: எதற்குப் பதிலாக? இதுதான் முக்கியமானது, குன்னூர் எலிகள் சொன்னது. சாசேஜ் வந்தால் தட்டிலிருந்து எது வெளியே போகிறது? முட்டையும் அவரையும் கேரட்டும் வெளியே போனால் நஷ்டம் இரட்டிப்பு. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். நம் படுகர் வீட்டு அடுப்புகளில் காலங்காலமாக அவரைக் குழம்பும் கேழ்வரகுக் களியும் உண்டு. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராம் வரை கால்சியம் இருக்கிறது. எந்த சாசேஜிலும் அது கிடையாது.

இறைச்சியே வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைக்காதீர்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குட்பட்ட தமிழ்நாட்டுக் குழந்தைகளில் பாதிக்கு மேல், சுமார் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. கறியிலும் ஈரலிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் எளிதாகச் சேரும். சாப்பிடுகிற குடும்பம் என்றால் வாரம் ஒரு நாள் புதுக்கறி எடுத்துக் குழம்பு வையுங்கள். சைவக் குடும்பம் என்றால் கீரை, பயறு, கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ. இன்னொன்று, டீத்தூள் விளையும் ஊரில் இதைச் சொல்லத் தயக்கம்தான்: பிள்ளைகளுக்குச் சாப்பாட்டோடு டீ கொடுக்காதீர்கள். டீயிலுள்ள டானின் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. எஸ்டேட் லயன்களில் காலையில் டீயும் பன்னும்தான் பல பிள்ளைகளுக்குப் பலகாரம். சாசேஜைவிட முதலில் கவலைப்பட வேண்டியது அது.

மூன்றாவது கேள்வி: குழந்தைக்கு வயசென்ன? நான்கு வயதுக்குள் என்றால் புற்றுநோயைவிடப் பக்கத்தில் ஓர் ஆபத்து நிற்கிறது. வட்ட வட்டமாக நறுக்கிய சாசேஜ் துண்டு குழந்தையின் மூச்சுக்குழாயை அப்படியே அடைத்துவிடும். கொடுத்தே ஆக வேண்டுமானால் நீளவாக்கில் நான்காகக் கீறி, பொடியாக்கிக் கொடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து கொடுங்கள்.

நான்காவது கேள்வி: எப்படி வந்தது, எப்படிச் சமைக்கிறோம்? உறைநிலைச் சரக்கு மைனஸ் 18 டிகிரியில் இருக்க வேண்டியது. மேட்டுப்பாளையத்திலிருந்து கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறி வந்து, மழைக்காலத்து மின்வெட்டையும் தாண்டி நம் கைக்கு வருகிறது. பாக்கெட்டுக்குள் பனிக்கட்டி திரண்டிருந்தால், உருகி மறுபடி உறைந்திருக்கலாம். வாங்காதீர்கள். "ஊட்டிக் குளிருக்கு ஃப்ரிட்ஜ் எதுக்குங்க?" என்பார்கள். ஊட்டிக் குளிர் நமக்குத்தான் குளிர், கிருமிக்கு அல்ல. ஃப்ரிட்ஜில் 5 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். நம் வீட்டுச் சமையல்மேடையில் பகலில் அது கிடையாது. சமைக்கும்போது கருகப் பொரிக்காமல், நன்றாக வேகவையுங்கள்.

இத்தனையும் கேட்டுவிட்டு ஒரு தங்கை மனசுக்குள் சொல்வது எனக்குக் கேட்கிறது: "காலைல ஆறரைக்கு ஸ்கூல் வண்டி வந்துடும். அஞ்சு நிமிஷத்துல வேற என்னங்க செய்யறது?" நியாயமான கேள்வி. குற்றம் சொல்லி யாரையும் திருத்த முடியாது. முட்டை வேகப் பத்து நிமிடம் ஆகும், ஆனால் நாம் பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை. முதல் நாள் இரவே சுண்டலுக்கு ஊறப்போடலாம். முட்டைப் பொரியலைச் சப்பாத்தியில் சுருட்டிக் கொடுத்தால், கடை ரோல் மாதிரியே இருக்கும். இதில் அப்பாமாருக்கும் கை இருக்கிறது என்பதைப் பணிவோடு நினைவுபடுத்துகிறேன். பிள்ளையிடம் "இனிமே கிடையாது" என்று சட்டம் போடாதீர்கள். ஒளித்துவைத்த பண்டத்துக்கு ருசி கூடும். "மாசத்துல ஒரு நாள், அது நம்ம விருந்து நாள்" என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் பேச்சுக்குக் கட்டுப்படுவார்கள், பெரியவர்கள் கட்டுப்பட்டால்.

குன்னூரில் பிறந்த அந்த நிறுவனம் 2024-இல் வெளியிட்ட 17 உணவு வழிகாட்டு நெறிகளிலும் அதையேதான் சொல்கிறது: பலவகை உணவு சாப்பிடு, மிகையாகப் பதப்படுத்தியதையும் உப்பு, சர்க்கரை, கொழுப்பு மிகுந்ததையும் குறை. வள்ளுவரும் மருந்து என்று ஓர் அதிகாரம் வைத்துவிட்டு, அதில் பெரும்பாலும் சாப்பாட்டின் அளவைப் பற்றித்தான் பேசுகிறார்.

மாணவத் தம்பி, தங்கைகளுக்கு ஒரே வேண்டுகோள். சேரிங் கிராஸிலும் கமர்ஷியல் ரோட்டிலும் நண்பர்களோடு பர்கர் சாப்பிடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கையிலுள்ள பாக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கம் படிக்கிற பழக்கத்தை இப்போதே வைத்துக்கொள்ளுங்கள். நாளை உங்கள் பிள்ளைக்கு டிபன் பாக்ஸ் கட்டும்போது அந்தப் படிப்பு உதவும்.

வெளியே சாப்பாடு தயாராக இருக்கிறது. போய் முழுத் தட்டையும் பார்த்துச் சாப்பிடுங்கள்.