சேற்றுவழிச் சைக்கிளோட்டம்

சைக்கிளோட்டப் போட்டி என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது தார் வீதியும், அதன் இருமருங்கிலும் நின்று ஆரவாரிக்கும் மக்கள் கூட்டமுமே. வீதியே இல்லாத இடத்தில், அதுவும் மழையும் குளிரும் மிகுந்த காலத்தில், சேற்றிலும் மணலிலும் புற்றரையிலும் நடத்தப்படும் சைக்கிளோட்டம் ஒன்று உண்டென்றால் நம்மவரிற் பலர் வியப்படையக்கூடும். மேலைநாடுகளிலே 'சைக்கிளோ குறொஸ்' என வழங்கும் இவ்விளையாட்டைப் பற்றியும், அதிலே புதிதாக இறங்கும் ஒருவன் பெறும் அனுபவங்களைப் பற்றியும், அவ்வனுபவம் நம் பாடசாலை விளையாட்டுக்களைக் குறித்து எழுப்பும் ஒரு கேள்வியைப் பற்றியும் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

இவ்விளையாட்டின் பிறப்பிடம் பிரான்சு நாடு. வீதிப் போட்டிகள் நடைபெறாத குளிர்காலத்திலே ஓட்டவீரர் தம் உடலுரம் குன்றாதிருக்கும் பொருட்டு, ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு வயல்களையும் வேலிகளையும் ஊடறுத்துச் சென்று பந்தயமிட்டனர் என்பர். தனியெல் கூசோ என்னும் போர்வீரரின் முயற்சியால் 1902ஆம் ஆண்டில் பிரான்சின் முதலாவது தேசியப் போட்டி நடைபெற்றது. 1910ஆம் ஆண்டில் பிரான்சைச் சுற்றிவரும் புகழ்பெற்ற வீதிப் போட்டியில் வெற்றிவாகை சூடிய ஒக்தாவ் லப்பீஸ், தம் வெற்றிக்குக் குளிர்காலச் சேற்றோட்டமே காரணம் எனக் கூறியதும் இவ்விளையாட்டின் புகழ் பரவியது. பெல்ஜியம், சுவிற்சர்லாந்து, இத்தாலி முதலிய நாடுகள் இதனை ஏற்றன. 1950ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் முதலாவது உலகப் போட்டி நடைபெற்றபோது பிரான்சின் ஜோன் றொபிக் வென்றார். பெல்ஜியத்தின் எரிக் த விளாமிங்க் 1966 முதல் 1973 வரையுள்ள காலத்தில் ஏழுமுறை உலக வீரரானார். ஒல்லாந்தின் மத்தியூ வன் டெர் பூல் தம் ஏழாவது பட்டத்தைப் பெற்று அச்சாதனையை எட்டியது 2025ஆம் ஆண்டிலேதான். மகளிருக்கான உலகப் போட்டி 2000ஆம் ஆண்டில் ஆரம்பமாயிற்று.

இனி, விளையாட்டின் அமைப்பைக் காண்போம். ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் நீளமான ஒரு சுற்றுப்பாதை. அது பூங்காவாக இருக்கலாம். மரஞ்செறிந்த குன்றாகவோ கடலோர மணற்றிடலாகவோ இருக்கலாம். பாதையின் குறுக்கே ஆங்காங்கு பலகைத் தடைகள் நிறுத்தப்பட்டிருக்கும். அவற்றின் உயரம் 40 சென்ரிமீற்றருக்கு மேற்படலாகாது. செங்குத்தான மேடுகளும் படிக்கட்டுகளும் இருக்கும். ஏறிச் செல்ல இயலாத இடத்தில் வீரன் வண்டியினின்றும் குதித்து, அதைத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும். துவிச்சக்கர வண்டியோ பார்வைக்கு வீதிப் போட்டி வண்டியைப் போன்றதே. எனினும் ரயர் சற்றுத் தடித்து, சேற்றைப் பற்றும் முனைகளோடு கூடியிருக்கும். உலகப் போட்டிகளில் அந்த ரயரின் அகலமும் 33 மில்லிமீற்றருக்கு மேற்படலாகாது. சேறு படிந்து சக்கரம் இறுகாதபடி, சட்டத்துக்கும் ரயருக்கும் இடையே போதிய இடைவெளி விடப்பட்டிருக்கும்.

மாரிகாலத்தில் வெள்ளம் பாய்ந்த வயல்வரம்பிலே, சைக்கிளைத் தோளிற் சுமந்து செல்லும் உழவரை நாம் கண்டிருக்கிறோம். அவர் அவ்வாறு செய்வது வீட்டை அடைவதற்காக. மேலைநாட்டவர் அதனையே ஒரு கலையாக வளர்த்து விதிகளும் வகுத்துவிட்டனர்.

2004ஆம் ஆண்டில், கல்வித்துறை உயர்பயிற்சி ஒன்றின் பொருட்டு வட இங்கிலாந்திலுள்ள யோர்க்சயர்ப் பகுதியில் ஓராண்டு தங்கியிருந்தேன். அப்பகுதி இவ்விளையாட்டிற்குப் பெயர் பெற்றது. இங்கில்பரோ, வேர்ன்சைட், பெனிகென்ற் என்னும் மூன்று மலைகளும் 690 மீற்றருக்கு மேற்பட்ட உயரமுடையவை. வண்டியைச் சுமந்தும் செலுத்தியும் இம்மூன்றையும் ஒரே ஓட்டத்திற் கடக்கும் போட்டி அங்கே 1961ஆம் ஆண்டில் தொடங்கியது. அந்த மலையோட்டம் என்போன்றோருக்கு உரியதன்று. ஆனால், அயலூர்க் கழகங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் பூங்காக்களில் நடத்திய சிறு போட்டிகளில் எவரும் பங்குபற்றலாம். என்னோடு பயின்ற ஆசிரியர் ஒருவர் தம் பழைய வண்டியைத் தந்து, "பார்ப்பதைவிட ஓடிப் பார்ப்பதே மேல்" என்றார். அப்போது எனக்கு வயது முப்பத்தைந்து. இளமையில் நாள்தோறும் ஆறு மைல் சைக்கிளிற் சென்று படித்தவன் என்ற துணிவு ஒன்றே என் கைம்முதல்.

போட்டிக்கு முன் மூன்று மாலைப் பொழுதுகளில் அவர் எனக்குப் பயிற்சியளித்தார். முதற்பாடம் இறங்குதல். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே வலக்காலைப் பின்புறமாக வீசி இடப்பக்கம் கொணர்ந்து, நிலத்திற் கால் பட்டவுடன் ஓடத் தொடங்கவேண்டும். நின்று இறங்கினால் பெற்ற வேகமெல்லாம் வீணாகிவிடும். இரண்டாவது பாடம் சுமத்தல். சட்டத்தின் மேற்குழாயை வலத்தோளில் ஏற்றி, வலக்கையைக் கீழ்க்குழாயின் அடியால் வளைத்து, கைபிடியின் இடமுனையைப் பற்றவேண்டும். இவ்வாறு சுமந்தால் எண்ணெய்ச் சங்கிலி உடம்பிற் படாது. இடக்கை வீசி ஓடுவதற்கும் உதவும். மூன்றாவது பாடமே கடினமானது. ஓடியபடியே துள்ளி, தொடையின் உட்புறம் இருக்கையிற் படுமாறு ஏறி அமரவேண்டும். பத்து முறை செய்தால் இரண்டு முறை சரிவரும். மற்ற எட்டு முறையும் உடம்பு நினைவில் வைத்துக்கொள்ளும். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பது வீண்வார்த்தையன்று என்பதை அந்த மாலைகளில் உணர்ந்தேன்.

முதற்போட்டி ஒக்டோபர் மாதத்தில் நடந்தது. ஐம்பது பேருக்கு மேல் வரிசையாக நின்றோம். ஊதல் ஒலித்ததும் அனைவரும் பாய்ந்தனர். திறந்தவெளி முடிந்து பாதை ஒடுங்கும் இடத்தை முதலில் அடைபவருக்கே வழி கிடைக்கும் ஆதலின், முதல் ஒரு நிமிடத்திலேயே முழுப்பலத்தையும் செலவிடுகின்றனர். புதியவனுக்கு அந்த ஒரு நிமிடமே போதும். மூச்சு முட்டும்; நாவில் இரும்பின் சுவை தோன்றும். மரங்களுக்கிடையே புகுந்தபோது எனக்குப் பின்னால் மூவர் மாத்திரமே இருந்தனர். மூன்றாவது சுற்றில் அவர்களும் என்னைக் கடந்து சென்றனர்.

நவம்பரில் நடந்த இரண்டாவது போட்டியிலே மழை பெய்து தரை நாற்றுமேடை போலாகிவிட்டது. சேறு சக்கரத்திலே திரண்டு வண்டியின் பாரம் இருமடங்காயிற்று எனத் தோன்றியது. உயர்ந்த போட்டிகளிலே வீரருக்கு மாற்று வண்டி உண்டு. ஒன்று அழுக்கானதும் மற்றொன்றில் ஏறுவர். உதவியாளர் முதலாவதைக் கழுவி ஆயத்தமாக வைத்திருப்பர். எமக்கோ ஒரே வண்டி. அதைக் கழுவுவதற்கு மழைநீர்தான். ஆயினும் அன்றுதான் ஓர் உண்மை புலப்பட்டது. சேற்றைக் கண்டு அஞ்சிக் கைபிடியை இறுகப் பற்றியவன் விழுகிறான். கைகளைத் தளர்த்தி, பார்வையைச் சற்றுத் தொலைவிலே நிறுத்தி, வண்டி சிறிது வழுக்குவதற்கு இடங்கொடுத்தவன் கடந்து செல்கிறான். ரயரிலும் காற்றைக் குறைத்தே அடைக்கின்றனர். இறுகிய ரயர் சேற்றின்மேல் வழுக்க, தளர்ந்த ரயர் நிலத்தைப் பற்றிக்கொள்கிறது.

நேயர்களே, இவையெல்லாம் உடலுக்கு உரிய பாடங்கள். என் உள்ளத்தைத் தொட்டது இவ்விளையாட்டின் வேறொரு விதி.

நாம் அறிந்த ஓட்டங்களிலே தூரம் குறிக்கப்படுகிறது. எல்லாரும் அதே தூரத்தை ஓடி முடிக்கவேண்டும். இங்கே குறிக்கப்படுவது நேரம். உலகப் போட்டியில் ஆடவருக்கு ஏறத்தாழ ஒருமணி நேரம். சிறு போட்டிகளிலே அதனினும் குறைவு. முதற்சில சுற்றுக்களுக்கு எடுத்த நேரத்தைக் கணக்கிட்டு, இன்னும் எத்தனை சுற்று என்பதை ஒரு பலகையிற் காட்டுவர். இறுதிச் சுற்றுக்கு மணி ஒலிக்கும். முதல்வன் எல்லைக்கோட்டைக் கடந்ததும், அவனுக்குப் பின் கோட்டை அடையும் ஒவ்வொருவருக்கும் ஓட்டம் அத்துடன் முடிகிறது. முதல்வன் எட்டுச் சுற்று ஓடியிருந்தால், மெல்ல ஓடியவன் ஆறு சுற்று ஓடியிருப்பான். பெறுபேற்றுத் தாளில் அவன் பெயருக்கு எதிரே 'இரண்டு சுற்றுக் குறைவு' என எழுதப்படும். உலகப் போட்டியிலே மிகப் பின்தங்கியவரை இடையில் நிறுத்திவிடுவதுண்டு. நான் ஓடிய கழகப் போட்டிகளிலோ எவரையும் நிறுத்தவில்லை.

இதன் பயன் யாது? கடைசியாக வருபவன் ஒருபோதும் வெறிச்சோடிய பாதையிலே தனித்து ஓடுவதில்லை. அவனைச் சூழ எப்போதும் வீரர் உளர். வேலியோரத்திலே மக்களும் உளர். டிசெம்பரில் நடந்த மூன்றாவது போட்டியின்போது, உறைபனி படிந்த மேட்டிலே வண்டியைச் சுமந்து ஏறிக்கொண்டிருந்தேன். முதல்வனாக வந்துகொண்டிருந்த இளைஞன், "வலப்பக்கம் வருகிறேன்" என முன்கூட்டியே குரல்கொடுத்து என்னைக் கடந்தான். கடக்கும்போது "நன்று, விடாதீர்கள்" என்றும் கூறிச் சென்றான். வேலியோரத்தில் நின்ற முதியவர் ஒருவர் அவனுக்கு எத்துணை பலமாக மணியை ஆட்டினாரோ, அத்துணை பலமாகவே எனக்கும் ஆட்டினார். அவன் முடித்து ஏறத்தாழ நான்கு நிமிடங்களில் நானும் முடித்தேன். அவன் வென்றான், நான் கடைசியிலிருந்து இரண்டாவது. இதில் ஐயம் எதுவும் இல்லை. ஆனால் நான் கைவிடப்பட்டவன் என்ற எண்ணம் ஒருகணமும் எழவில்லை.

நம் பாடசாலைகளின் இல்ல விளையாட்டுப் போட்டியை எண்ணிப் பாருங்கள். ஆயிரத்து ஐந்நூறு மீற்றர் ஓட்டத்திலே முதல் மூவர் கோட்டைக் கடந்ததும் கரகோசம் ஓய்கிறது. அடுத்த நிகழ்ச்சிக்கு ஒலிபெருக்கியில் அழைப்பு விடுக்கப்படுகிறது. மைதானத்தின் மறுகோடியிலே ஒரு பிள்ளை தனியாக ஓடிக்கொண்டிருக்கிறது. சிறிது நேரத்தில் அதுவும் தலைகுனிந்து கயிற்றுக்கு வெளியே நடந்துவிடுகிறது. மறு ஆண்டில் அதன் பெயர் பட்டியலில் இராது. ஆசிரியராகவும் அதிபராகவும் நான் இக்காட்சியைப் பல ஆண்டுகள் கண்டிருக்கிறேன்.

ஆகவே, நான் பொறுப்பேற்ற பாடசாலையிலே நீண்ட ஓட்டத்தை நேரக்கணக்கில் நடத்துவோம் என முன்மொழிந்தேன். பாடசாலை வளவையும் அயலிலுள்ள வெளியையும் சேர்த்து ஒரு சுற்றுப்பாதை; இருபது நிமிடம்; இறுதிச் சுற்றுக்குப் பாடசாலை மணி. விளையாட்டுப் பொறுப்பாசிரியர் இதனை எளிதில் ஏற்கவில்லை. "சேர், தோல்வி என்பதையும் பிள்ளை அறியத்தானே வேண்டும்? எல்லாரையும் ஒன்றாக முடிக்கவைத்தால் வெற்றிக்கு என்ன மதிப்பு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. வெற்றியின் மதிப்பு இதனாற் குறையவில்லை என்பதே என் மறுமொழி. முதல்வனை எல்லாரும் அறிவர். பின்தங்கியவன் எத்தனை சுற்றுக் குறைவு என்பதும் எழுத்தில் உண்டு. தோல்வி மறைக்கப்படவில்லை, அது அளவிட்டுக் காட்டப்படுகிறது. மறு ஆண்டில் இரண்டை ஒன்றாகக் குறைப்பதற்கு அப்பிள்ளை முயலலாம். தனிமை மட்டுமே நீக்கப்படுகிறது.

முதலாம் ஆண்டிலே ஓட்டத்தை இடையில் விட்டவர் மிகச் சிலர். கேட்டுத் தெரிந்துகொண்ட காரணம் எளியது. "எல்லாரும் ஓடிக்கொண்டிருந்தார்கள், அதனால் நானும் ஓடினேன்" என்றாள் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி. பொறுப்பாசிரியர் இன்றும் குறுந்தூர ஓட்டங்களில் தம் கொள்கையையே பின்பற்றுகிறார். நீண்ட ஓட்டத்துக்கு மணி அடிப்பவரும் அவரே.

நேயர்களே, நம் நாட்டிலே சேற்றுக்குக் குறைவில்லை, சைக்கிளுக்கும் குறைவில்லை. இளைஞர் கழகங்கள் விரும்பினால், அறுவடை முடிந்த வயலிலோ கடலோர வெளியிலோ இவ்விளையாட்டைச் சிறிய அளவில் நடத்திப் பார்க்கலாம். பெருஞ்செலவு எதுவும் இல்லை. இரண்டு பலகைகளும், பாதையைக் குறிக்கக் கயிறும், ஒரு மணியும் போதும். ஆனால் நேரத்தைக் குறித்து ஓட்டும் அந்த விதியை மாத்திரம் மறவாதிருங்கள். மெல்ல ஓடுபவனையும் இறுதிவரை களத்தில் வைத்திருப்பது அதுவே.