அடிவேலை நன்றானால் மினுக்கு நிலைக்கும்

(பரிசளிப்பு விழாவில் கைவினைக் கழகப் பொறுப்பாசிரியர் ஆற்றிய உரை)



வாசல் மேசைமேல் நிற்கும் வெள்ளி நிற விமானத்தை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். "தகரத்துல செஞ்சதா ஐயா?" என்று ஒரு தாயார் கேட்டார். இல்லையம்மா, பிளாஸ்டிக்தான். ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் ஒட்டிச் சாயம் பூசியது.

அதன் அசல், டக்ளஸ் டிசி-3 என்னும் விமானம். 1935 டிசம்பர் 17இல் முதன்முதலாகப் பறந்தது. மலாயன் ஏர்வேஸ் நிறுவனமும் ஒரு காலத்தில் இதைப் பறக்கவிட்டது. அசலின் இறக்கை நீளம் 95 அடி. நம் விமானம் 72இல் ஒரு பங்கு. ஏறக்குறைய 16 அங்குலம். அசலுக்கு அலுமினியத் தகடே மினுக்கு. பிளாஸ்டிக்குக்கு அதை நாம்தான் கொடுக்க வேண்டும்.

நீங்கள் பார்ப்பது இரண்டாம் முறை பூசியது. முதல் முறை கெட்டதற்கு நானே காரணம். போட்டி நாள் நெருங்கிவிட்டது. "ஐயா, இன்னும் கழுவலையே?" என்று அந்த மாணவன் கேட்டான். "நேரமில்லடா, பூசு" என்றேன். மறுநாள் கோடு போட ஒட்டிய டேப்பை எடுத்தோம். டேப்போடு வெள்ளிச் சாயமும், வெந்த கிழங்குத் தோல் மாதிரி உரிந்து வந்துவிட்டது. பையன் ஒன்றும் பேசவில்லை. எனக்குத்தான் தலை குனிந்தது. விமானம் போட்டிக்குப் போகவில்லை.

பிறகு எல்லாவற்றையும் சுரண்டி, முறைப்படி தொடங்கினோம். முதலில் சவர்க்கார நீரில் கழுவினோம். அச்சிலிருந்து சுலபமாகக் கழல்வதற்குத் தடவும் எண்ணெய்ப் பசை பிளாஸ்டிக்கில் ஒட்டியிருக்கும். நம் கை வியர்வையும் சேரும். பசையின்மேல் சாயம் பிடிக்காது. அடுத்து 600ஆம் எண் உப்புத்தாளும், பின் 1000ஆம் எண்ணும் கொண்டு, தண்ணீர் தொட்டுத் தேய்த்தோம். வெள்ளிச் சாயத்தில் பொடிப்பொடியான அலுமினியத் துகள்கள் இருக்கின்றன. அவை படுத்தவாக்கில் படிந்தால்தான் கண்ணாடி போல ஒளி வீசும். மற்றச் சாயம் சிறு கீறலை மறைக்கும். வெள்ளிச் சாயம் காட்டிக் கொடுத்துவிடும்.

அதன்மேல் அடிப்பூச்சு, அதன்மேல் பளபளப்பான கறுப்பு. கறுப்புக்கு மேலே வெள்ளி பூசினால்தான் உலோகம் போலத் தெரியும். கறுப்பு நன்றாகக் காய இரண்டு மூன்று நாள் விட்டோம். பிறகு வெள்ளியை மெல்லிசு மெல்லிசாகப் பல தடவை அடித்தோம். ஒரே தடியாக அடித்தால் வழிந்துவிடும். கடைசியில் கை பட்டுத் தேயாதிருக்க நிறமில்லாத வார்னிஷ். அது மினுக்கைச் சற்றுக் குறைக்கும். ஆகவே பிளாஸ்டிக் கரண்டியில் முதலில் பூசிப் பார்த்துக்கொண்டோம்.

மழை நாளில் மட்டும் பூசக் கூடாது. தின்னர் விரைவாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படியும், சாயம் வெளுத்துவிடும். பால்மரம் வெட்டியவர்களுக்கு இது புதிதல்ல. மரம் நனைஞ்சிருந்தா கத்தி வைக்க மாட்டீங்க. மங்கைத் துடைக்காம மரத்துல மாட்ட மாட்டீங்க. அதே ஒழுங்குதான் இதுவும்.

பெற்றோர்களே, ஒரு வேண்டுகோள். தின்னர் வாடை உடம்புக்குக் கெடுதல், சீக்கிரம் தீப்பிடிக்கும். அடுப்படியில் பூச விடாதீர்கள். காற்றோட்டமான இடத்தில், முகமூடி போட்டு, பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கப் பூசட்டும்.

மாணவச் செல்வங்களே, ஆசிரியர் அவசரப்பட்டாலும் "இன்னும் கழுவலையே ஐயா" என்று மரியாதையோடு கேளுங்கள். அன்று அவன் கேட்டது சரி. நான் சொன்னது தவறு. அதை இந்தச் சபையில் சொல்வது என் கடமை. அவன் இன்று கைவினைப் பரிசு பெறுகிறான். அவனுக்கு ஒரு கைதட்டல் கொடுங்கள்.