பாட்டி வீட்டுப் பரணில் கிடப்பதும் வரலாறுதான்

(கூட்டமைப்பின் பொதுக்குழுவில் பேசியது)

சேமிப்பு, கடன், தணிக்கை எல்லாம் பேசி முடித்துவிட்டோம். இனி கொஞ்ச நேரம் அருங்காட்சியகம் பற்றிப் பேசுவோம். பேரைக் கேட்டதுமே, "அது படிச்சவங்க போற இடம்லா, நமக்கென்ன?" என்று பின்வரிசையில் சிரிப்பது கேட்கிறது. நம் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் கூட்டிப் போகிறார்கள். நாம் புளியோதரை கட்டிக் கொடுத்து அனுப்புவதோடு சரி.

ஆதிச்சநல்லூர் நம் மாவட்டம்தான். திருநெல்வேலி – திருச்செந்தூர் சாலையில் பஸ்ஸில் போகும்போது பார்த்தால் வெறும் பரம்புதான் தெரியும். 1876-ல் ஜாகோர் என்ற ஜெர்மன்காரர் அங்கே தோண்டி, கிடைத்ததை பெர்லினுக்குக் கொண்டு போனார். 1899-லிருந்து சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரியா தோண்டினார். பொன் நெற்றிப்பட்டம், வெண்கலப் பாத்திரம், இரும்புக் கருவி எல்லாம் கிடைத்தன. அவை சென்னை எழும்பூருக்குப் போயின. நம்ம மண்ணுக்குள் இருந்ததைப் பார்க்க நாம் ரயில் ஏற வேண்டிய நிலை. 2023 ஆகஸ்டில்தான், தோண்டிய இடத்திலேயே காட்சிக்கூடம் திறந்தார்கள். கண்ணாடித் தளத்தின் மேல் நின்று கீழே குனிந்தால் முதுமக்கள் தாழிகள் அப்படியே இருக்கின்றன.

அங்கே 2004-ல் தோண்டியபோது ஒரு பானை ஓடு கிடைத்தது. அதில் ஒரு பெண், பக்கத்தில் நெற்கதிர், கொக்கு, மான், முதலை. பொம்பளையையும் வயலையும் சேர்த்துத்தான் அன்றைக்கே பார்த்திருக்கிறார்கள். சிவகளையில் ஒரு தாழிக்குள் நெல்மணி கிடைத்தது. சோதித்துப் பார்த்ததில் சுமார் 3200 ஆண்டுக்கு முந்தியது என்று வந்தது; 2021-ல் அரசு அறிவித்தது. செத்தவருக்கும் நெல் வைத்து அனுப்பியிருக்கிறார்கள். நாம் வாய்க்கரிசி போடுகிறோமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். சிவகளையில் தாழிகள் இருப்பதை முதலில் எடுத்துச் சொன்னவர் ஓர் உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர். பெரிய ஆபீசர் வந்து சொல்லவில்லை.

கொற்கையை எடுத்துக்கொள்ளுங்கள். பாண்டியரின் முத்துத் துறைமுகம். இன்றைக்குக் கடல் அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது; வாழைத் தோட்டத்துக்கு நடுவே ஊர் நிற்கிறது. சுமார் 1900 ஆண்டுக்கு முன் ஒரு கிரேக்க மாலுமி எழுதிய குறிப்பில், அங்கே தண்டனைக் கைதிகளை வைத்து முத்துக் குளித்தார்கள் என்று இருக்கிறது. கழுத்தில் கிடக்கும் முத்தைப் பற்றிப் பாடினவர்கள் அதிகம், அதை எடுத்தவனைப் பற்றி எழுதினவர்கள் குறைவு. கொற்கை, சிவகளை, ஆதிச்சநல்லூர் மூன்றுக்குமாகச் சேர்த்துத் திருநெல்வேலியில் பொருநை அருங்காட்சியகம் 2025 டிசம்பரில் திறந்தாயிற்று. அதையும் பார்க்கத்தான் வேண்டும்.

ஆனால் நாங்கள் சொல்ல வந்தது அதற்கு அடுத்தது. தூத்துக்குடிக் கடலில் கடைசியாக முத்துக் குளிப்பு நடந்தது 1961-ல். அப்போது இருபது வயசுப் பையனாகக் கல்லைக் காலில் மாட்டி இறங்கினவர் இருந்தால், இன்றைக்கு எண்பதைத் தாண்டியிருப்பார். மூச்சை அடக்கி ஒரு நிமிஷம் போலக் கடலடியில் சிப்பி பொறுக்குவார்கள். மேலே தோணியில் ஒருவர் கயிறு பிடித்திருப்பார். அந்தக் கயிற்றை மச்சினன் கையில்தான் கொடுப்பார்களாம். உடன்பிறந்தாள் தாலி என்றால் அசந்துவிட மாட்டான் என்று. எடுத்த சிப்பியில் குளித்தவருக்கு மூன்றில் ஒரு பங்கு என்பது வெள்ளைக்காரன் காலத்துக் கணக்கு. மீதி சர்க்காருக்கு, ஏலத்துக்கு. சிப்பியைக் குவித்து அழுகவிட்டு, ஈ மொய்க்க மொய்க்க அலசித்தான் முத்து எடுப்பது. நாற்றம் ஊரைத் தூக்குமாம்.

இதெல்லாம் யார் வாயில் இருக்கிறது? கடற்கரை ஊர்க் கிழவிகள் வாயில் இருக்கிறது. கரையில் காத்திருந்தவர்கள் அவர்கள்தான். குளித்தவர் கதையாவது புத்தகத்தில் வரும். காத்திருந்தவள் என்ன நேர்ந்துகொண்டாள், கடன் யாரிடம் வாங்கினாள், அந்த வருஷம் முத்து விழாமல் போனபோது அடுப்பு எப்படி எரிந்தது, இது எந்தக் கண்ணாடிப் பெட்டியிலும் இல்லை. அவர்கள் போனால் அதுவும் போய்விடும்.

பொருளும் அப்படித்தான். பனை ஓலைப் பெட்டி, உப்பளத்துக் கூடை, பதநீர் காய்ச்சின வட்டகை, பழைய மரக்கால் எல்லாம் பாத்திரக்காரனிடம் எடைக்கு எடை போய்க்கொண்டிருக்கிறது. ஒரு பிளாஸ்டிக் குடம் கொடுத்தால் போதும், பாட்டியின் வெண்கலப் பானையைத் தூக்கிக் கொடுத்துவிடுகிறோம்.

அதனால் நிர்வாகக் குழு இரண்டு யோசனை வைக்கிறது. முதலாவது, குழுக் குழுவாக ஆதிச்சநல்லூர் போவோம். போட்டோ எடுத்துவிட்டு ஓடி வருவதற்கு அல்ல. மூத்தவர்களையும் கூட்டிப் போய், பார்த்த பிறகு ஒரு மரத்தடியில் உட்கார்ந்து அவர்களைப் பேசவிடுவோம். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளை ஒன்று கூடவே இருந்து எழுதட்டும். இரண்டாவது, நம் கூட்டமைப்பு அறையில் ஒரு சுவரை ஒதுக்குவோம். பொருளைத் தானமாகக் கேட்கவில்லை, இரவல்தான். யாருடையது, எதற்குப் பயன்பட்டது, எந்த ஊர் என்று அட்டையில் எழுதி ஒட்டுவோம். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு வாங்கி, கேட்டபோது திருப்பிக் கொடுப்போம். கடன் பதிவேடு எழுதத் தெரிந்த நமக்கு இது ஒரு வேலையா!

ஒன்று மட்டும் கவனம். குளம், வாய்க்கால் தோண்டும்போது தாழியோ காசோ கண்ணில் பட்டால் வீட்டுக்கு எடுத்து வரக்கூடாது, உடைத்துப் பார்க்கவும் கூடாது. அப்படியே விட்டுவிட்டு கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள். புதையல் பற்றி 1878-லிருந்தே சட்டம் இருக்கிறது.

வண்டி வாடகை தலைக்கு எவ்வளவு வரும், எந்தக் கிழமை வசதி என்று ஒவ்வொரு குழுவும் பேசித் தீர்மான நோட்டில் எழுதி, அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.