கட்டாரியும் போர்க்கத்தியும்: பழைய ஆயுதங்களின் காலம் கணித்தல்

பழைய ஆயுதம் ஒன்றுக்கு ஒரே வயது இருப்பது அரிது. அலகு ஒரு காலத்தது, கைப்பிடி இன்னொரு காலத்தது, மேலே ஓடும் பொன்வேலை அதற்கும் பிந்தியது என்ற நிலையைத் தென்னிந்தியப் படைக்கலங்களில் அடிக்கடி காணலாம். ஜப்பானிய வாளில் கொல்லர் தம் பெயரைக் கைப்பிடிக்குள் மறையும் வால்பகுதியில் வெட்டிவைப்பதுண்டு. சில வாள்களில் ஆண்டும் இருக்கும். தமிழகத்துக் கொல்லரும் மலையாளக் கரைக் கொல்லரும் பெரும்பாலும் அப்படி எதையும் விட்டுச் செல்லவில்லை. ஆகவே இங்கே ஆராய்ச்சி அலகும் கைப்பிடியும் சேரும் இடத்தில்தான் தொடங்குகிறது.

கட்டாரி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இரண்டு பக்கச் சட்டங்கள் முன்கையை ஒட்டிப் பின்னோக்கி நீள, அவற்றுக்குக் குறுக்கே உள்ள பிடியைக் கை முட்டியாக மூடிக்கொள்ளும். குத்தினால் தோளின் பலம் முழுவதும் நேரே அலகுக்குப் போகும். விசயநகரக் காலத்தில் தென்னாட்டில் செய்யப்பட்ட கட்டாரிகளில் விரல்களின் மேல் பாம்புப் படம்போல் விரிந்த இரும்புக் காப்பு உண்டு. யாளி, மயில், கிளி முதலியவை சட்டங்களில் ஊடுதுளையாகச் செதுக்கப்பட்டிருக்கும். பின்னர் அந்தக் காப்பு சுருங்கி மறைந்தது. 18, 19ஆம் நூற்றாண்டுகளின் வடநாட்டுக் கட்டாரிகளில் இரண்டு சட்டங்களும் குறுக்குப் பிடியுமே மிஞ்சின. எனவே காப்புள்ள கட்டாரியைப் பொதுவாக 16, 17ஆம் நூற்றாண்டுகளுக்கு உரியதாகக் கொள்ளலாம். கைப்பிடியைப் பொறுத்தவரை இது பெரிதும் நம்பத்தக்க அளவுகோல். அலகுக்கு இது போதாது.

காரணம் கடல் வணிகம். போர்த்துகீசியர் வந்தபின் ஐரோப்பிய வாளலகுகள் மேற்குக் கரைத் துறைகளில் ஏராளமாக இறங்கின. முறிந்த நீண்ட வாளைத் துண்டாக்கி, கட்டாரியின் முன்பகுதியில் இரு தகடுகளுக்கு நடுவே செருகித் தறையாணி அடித்துவிட்டார்கள். அப்படிப்பட்ட அலகில் நீளவாக்கில் மெல்லிய பள்ளங்கள் இரண்டு மூன்று ஓடும். அவை நுனிக்கு முன்பே நின்றுவிடாமல் கைப்பிடித் தகட்டுக்கு அடியிலும் புகுந்து போனால், அலகு வேறொரு வாளிலிருந்து வந்தது என்று கொள்ள இடமுண்டு. சிலவற்றில் ஓடும் ஓநாய்ச் சின்னமோ அந்திரேயா ஃபெராரா என்ற இத்தாலியக் கொல்லரின் பெயரோ இருக்கும். பெயரைப் பார்த்ததும் 16ஆம் நூற்றாண்டு என்று முடிவு கட்டுவது அவசரம்: சந்தை மதிப்புக்காக அந்தப் பெயரை ஜெர்மனியின் சோலிங்கன் பட்டறைகள் நெடுங்காலம் தம் அலகுகளில் பொறித்துவந்தன. அலகின் காலம் தெரிந்தாலும், ஆயுதம் அதற்கு முன் உருவாகவில்லை என்பது மட்டுமே உறுதி. எவ்வளவு பிந்தியது என்பதை அது சொல்லாது.

எங்கிருந்து வந்தது என்பது தெரிந்தால் வேலை எளிதாகும். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆதோனிக் கோட்டை முகலாயர் வசமானபோது, அவர்களுக்காகப் போரிட்ட பிகானேர் அரசர் அனூப் சிங் அங்கிருந்த ஆயுதங்களைத் தம் ஊருக்குக் கொண்டுபோனார். புள்ளி புள்ளியாகக் குத்திய தேவநாகரி எழுத்து இன்றும் அவற்றை அடையாளம் காட்டுகிறது. தஞ்சாவூர் ஆயுதசாலைக்கு அந்தப் பேறு கிட்டவில்லை. அரசர் இரண்டாம் சிவாஜி 1855இல் ஆண்வாரிசின்றி இறந்தபின் அரசு கிழக்கிந்தியக் கும்பினியார் கைக்குப் போயிற்று; ஆயுதங்களில் ஒரு பகுதி சென்னை அருங்காட்சியகத்துக்குச் சென்றது, பெரும்பகுதி உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக விற்கப்பட்டது. தென்னிந்தியப் படைக்கல வரலாற்றில் இதைவிடப் பெரிய இழப்பு வேறு இருக்குமா என்பது ஐயமே.

மலபாரின் போர்க்கத்தியான ஆயுதக் கத்தியின் காலம் கணிக்கக் கைப்பிடியைவிட அரசின் தடைச்சட்டம் கூடுதலாக உதவுகிறது. முன்னோக்கி வளைந்த அகன்ற அலகும் கொம்பாலோ மரத்தாலோ ஆன பிடியும் கொண்டது அது. குடகர்களின் ஒடிக்கத்தியும் இதற்கு உறவுதான். அதன் அலகு நுனியருகே நன்கு அகன்றிருக்கும், உறையின்றி இடுப்பின் பின்புறம் பித்தளைக் கொளுவியில் மாட்டப்படும். மலபாரில் தொடர்ந்து நடந்த மாப்பிள்ளை முஸ்லிம்களின் கலகங்களை அடக்க, 1854இல் போர்க்கத்தி வைத்திருப்பதைக் கும்பினி அரசு தடைசெய்தது. கலெக்டர் கானலி ஏறநாடு, வள்ளுவநாடு பகுதிகளைச் சுற்றிக் கத்திகளைத் திரட்டினார். 7,561 கத்திகள் ஒப்படைக்கப்பட்டதாக வில்லியம் லோகனின் மலபார் கையேடு குறிக்கிறது. 1855 செப்டம்பரில் கானலி கோழிக்கோட்டில் கொல்லப்பட்டார். மலபார் மாவட்டத்து வீடொன்றில் இன்று ஆயுதக் கத்தி கிடைத்தால், அது தடைக்கு முன் செய்யப்பட்டு மறைத்து வைக்கப்பட்டிருக்கலாம் என்ற ஊகத்துக்கு ஓரளவு வலு உண்டு.

சித்தூரில் இந்த வாதம் செல்லாது. பாலக்காட்டிலிருந்து 15 கிலோமீட்டர் அளவே தள்ளியிருந்தாலும், பாலக்காடு மலபார் மாவட்டத்திலும் சித்தூர் கொச்சி சமஸ்தானத்திலும் இருந்தன. கொச்சியின் மற்றப் பகுதிகளிலிருந்து பிரிந்து, மலபாருக்கும் கோயமுத்தூருக்கும் இடையில் கிடந்த நிலத்துண்டு அது. 1854ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே எட்டவில்லை. கேரளம் உருவான பிறகே சித்தூர் பாலக்காடு மாவட்டத்தோடு சேர்ந்தது. ஆகவே ‘பாலக்காடு’ என்று மட்டும் ஒரு பொருளின் சீட்டில் எழுதியிருந்தால் போதாது. எந்த ஊர், எந்த வீடு என்பது வேண்டும்.

கோயில் ஆயுதங்கள் தனிச் சிக்கல். சித்தூர் பகவதி கோயிலில் கொங்கு மன்னனின் படையெடுப்பையும் தோல்வியையும் நினைவுகூரும் கொங்கன்படை விழா கும்ப மாதத்தில் நடக்கிறது. இத்தகைய விழாக்களில் ஏந்தும் வாளும், அருள்வாக்குச் சொல்லும் வெளிச்சப்பாட்டின் அரிவாள்போல் வளைந்து சலங்கை கட்டிய பள்ளிவாளும் இன்னும் புழக்கத்தில் இருப்பவை. ஆண்டுதோறும் தேய்த்துத் துலக்குவதால் துரு காலத்தைக் காட்டாது. தேய்ந்தால் புதிது செய்துகொள்வார்கள். பழைய வடிவமே தொடரும். விழா சொல்லும் போரின் காலத்தை வாளுக்கு ஏற்றுவது தவறு. வடிவத்தைவிடக் கோயில் கணக்குகளில் கொல்லருக்குக் கூலி கொடுத்த குறிப்புக்கே இங்கு மதிப்பு அதிகம்.

போலிகளைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் பூதக்கண்ணாடி வேலை. மின் பற்றவைப்பின் மணி மணியான தழும்பு, கிரைண்டர் இழுத்த ஒரே திசைக் கீறல், இயந்திர மரையுள்ள திருகு ஆகியவை பழைமைக்குப் பகை. உண்மையான உருக்கெஃகின் நீர்வரி உலோகத்தின் உள்ளேயே உள்ளது. மெருகேற்றினால் மங்கி, அமிலம் பட்டால் மறுபடி தெரியும். மேற்பரப்பில் அரித்து வரைந்த வரி தேய்த்தால் போய்விடும். பொன்வேலையில், கீறிச் சொரசொரப்பாக்கிய பரப்பில் பொற்கம்பியைத் தட்டி ஒட்டும் முறை 19ஆம் நூற்றாண்டில் கண்காட்சிகளுக்கும் அன்பளிப்புகளுக்கும் மிகுதியாகக் கையாளப்பட்டது. பழைய அலகின் மேல் புதிதாக ஏற்றியதும் உண்டு. கட்டாரியோடு கைத்துப்பாக்கி பொருத்தியவை, பிடியை அழுத்தினால் கத்தரிபோல் மூன்றாகப் பிரிபவை பலவும் அந்தப் பிற்கால ஆடம்பரத்தைச் சேர்ந்தவையே.

காலக் கணிப்புக்குச் சட்ட விளைவும் உண்டு. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைப்பொக்கிஷச் சட்டப்படி, 100 ஆண்டுக்குக் குறையாத இத்தகைய பொருள் தொல்பொருளாகும். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. பழைய அலகில் புதுப் பிடி போட்ட ஆயுதம் எந்தப் பக்கம் சேரும் என்பதை முடிவு செய்ய, இரண்டின் காலத்தையும் தனித்தனியே எழுதிய அறிக்கை தேவை. துருவைச் சுரண்டுவதற்கும் தறையாணியைக் கழற்றுவதற்கும் முன்பே அளவும் படமும் எடுத்து அந்த அறிக்கையோடு சேர்க்க வேண்டும்.