கண்டல் நிலம் காத்த கணக்கு



லாப நோக்கற்ற ஓர் அமைப்பு சமூகத்திற்கு ஈட்டித் தரும் பயனை எவ்வாறு அளப்பது? அதற்கு விற்பனைக் கணக்கு இல்லை, பங்காதாயமும் இல்லை. விடை தேட நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை; கிராஞ்சி வரை சென்றால் போதும்.

1986ஆம் ஆண்டில் இயற்கை ஆர்வலர் சிலர், இறால் குளங்களும் கண்டல் மரங்களும் சூழ்ந்த சுங்கை பூலோவில் வலசைப் பறவைகள் திரளாக வந்திறங்குவதைக் கண்டனர். அவர்கள் அன்றைய மலாயா இயற்கைச் சங்கத்தின் சிங்கப்பூர்க் கிளையினர். வேளாண் தொழில்நுட்ப வளர்ச்சிக்கென எண்ணப்பட்டிருந்த நிலம் அது. அவர்கள் பறவைகளை வகைப்படுத்திப் பதிவு செய்தனர். முன்மொழிவு எழுதி அரசிடம் அளித்தனர். 1989இல் அந்நிலம் இயற்கைப் பூங்காவாக ஒதுக்கப்பட்டது. 1993இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. 2002இல் சட்டப் பாதுகாப்பும் பெற்றது.

இன்று சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் என வழங்கும் அவ்வமைப்பு, 2008இல் கிராஞ்சி நீர்த்தேக்கத்தை ஒட்டிய நன்னீர்ச் சதுப்பைப் பேணும் பொறுப்பையும் ஏற்றது. 2016இல் 56.8 ஹெக்டர் பரப்புள்ள கிராஞ்சி சதுப்புநிலம் மக்களுக்குத் திறக்கப்பட்டது.

இங்கு விளைந்த சமூகப் பயன் யாது? தொண்டூழியர் தம் ஓய்வு நேரத்தில் எழுதிவைத்த குறிப்பு, நாடு முடிவெடுப்பதற்கு உதவும் சான்றாயிற்று. அரசிடம் நிலமும் சட்டமும் உண்டு. ஆனால் ஆண்டுதோறும் அதே இடத்தில் நின்று நோக்கும் பொறுமையை ஆர்வலரே தருகின்றனர். இரண்டும் இணைந்தபோதுதான் நிலம் நிலைத்தது.

எனினும் பெற்ற பயன் தானே நிலைத்துவிடாது. 2021இல் கிராஞ்சியிலேயே, சுற்றுச்சூழல் ஆய்வு முடியும் முன்னர், காட்டின் ஒரு பகுதி அழிக்கப்பட்டது பலரை அதிரச் செய்தது. அழிந்த பின் எண்ணுவதற்கு எதுவும் எஞ்சுவதில்லை. ஆகவே காவலும் கணக்கெடுப்பும் இடையறாது தொடர வேண்டும். அதற்குப் புதிய கைகள் வேண்டும்.

கடலும் கடல் சார்ந்த நிலத்திற்கு நெய்தல் எனப் பெயரிட்ட மரபு நம்முடையது. உள்ளான், உப்புக்கொத்தி எனும் பறவைப் பெயர்கள் நம் மொழியில் உள்ளன. பெயரறியா உயிர் மறைந்தால், இழந்தோம் என்றுகூட நாம் உணரமாட்டோம். வலசைக் காலத்தில் நம் பிள்ளைகளைச் சதுப்பு நிலத்திற்கு அழைத்துச் செல்வோம்; கண்டதைத் தமிழில் குறித்துவைக்கப் பழக்குவோம். மொழி காப்போரும் நிலம் காப்போரும் அங்கே ஒரே பணியைச் செய்பவராவர்.