வெட்கப்படாமல் காட்டுங்கள்



நான் பேசப்போவது ஒரு குளிசையைப் பற்றி. அதன் பெயருக்குள்ளும் ஒரு பழைய மாணவர் சங்கம் ஒளிந்திருக்கிறது. 1933இல் அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்து விவசாயி ஒருவர், இறந்த பசுவோடு, உறையாத இரத்தம் நிறைந்த பால் கானையும் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோனார். பூஞ்சணம் பிடித்த தீவனம் தின்ற பசு அது. கார்ல் லிங்க் என்ற விஞ்ஞானி அங்கே தொடங்கிய ஆய்வில் பிறந்ததுதான் வோபரின். ஆய்வுக்கு உதவிய பழைய மாணவர் நிதியத்தின் முதலெழுத்துகளே பெயரின் முற்பாதி. 1948இல் எலிமருந்தாக வந்தது. 1954இல் மனிதருக்கும் அனுமதி கிடைத்தது.

எங்கள் தீவிலும் இதய வால்வு மாற்றியவர்கள், காலில் இரத்தம் கட்டியவர்கள் இதைப் போடுகிறார்கள். லேசாக முட்டினாலும் தோல் கன்றிப்போவது அவர்களுக்குத் தெரியும். மற்றதுதான் பலருக்குத் தெரியாது.

இரத்தம் உறைவதற்கும், அளவுக்கு மீறி உறையாமல் தடுப்பதற்கும் உடலில் தனித்தனிப் புரதங்கள் உண்டு. வோபரின் இரண்டையும் குறைக்கும். ஆனால் 'புரதம் சி' என்ற தடுப்புப் புரதம் முந்திக் குறைந்துவிடும். அதனால் முதல் சில நாட்களில், இரத்தம் உறையாமலிருக்கப் போட்ட குளிசையே நுண்குழாய்களை அடைத்துத் தோலைச் சாகடிக்கக்கூடும். மிக அரிது. வந்தால் பெரும்பாலும் பெண்களுக்கு. கொழுப்பு நிறைந்த மார்பில், தொடையில், பிட்டத்தில். பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள்.

பேசாலைப் பக்கத்து அம்மா ஒருவருக்கு நான்காம் நாள் மார்பு எரிந்து நொந்தது. மகளிடம்கூடச் சொல்லவில்லை. வைத்தியர் இளம் பொடியன் என்று சேலையால் மூடிக்கொண்டே இருந்தார். என்னிடம் வந்தபோது உள்ளங்கையளவு தோல் கறுத்திருந்தது. வோபரினை நிறுத்தி, விற்றமின் கே கொடுத்து, ஹெபரினுக்கு மாற்றினோம். உயிர் தப்பினார், அந்தத் தோலை வெட்டி எடுக்கவேண்டி வந்தது. இரண்டு நாள் முந்திக் காட்டியிருந்தால் என்று இப்போதும் நினைப்பேன்.

காலில் இரத்தம் கட்டியவருக்குத் தொடக்கத்தில் குளிசையோடு ஹெபரின் ஊசியும் போடுவது இந்த இடைவெளியையும் காக்கத்தான். வீட்டுக்குப் போகும் அவசரத்தில் ஊசி வேண்டாம் என்று சண்டை பிடிக்காதீர்கள். ஊசி போட்ட இடம் சிவந்து கடித்தாலும், கறுத்தாலும் அதையும் காட்டுங்கள். ஆனால் குளிசையை நீங்களாக நிறுத்தவேண்டாம். செயற்கை வால்வு உள்ளவருக்கு அது உயிராபத்து. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். பெண் வைத்தியரோ தாதியோ கூட நிற்கவேண்டுமென்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

தேநீர் நேரத்தில் பின் வாங்கில் இருப்பேன். கேள்வியை எல்லோர் முன்னாலும் கேட்கவேண்டும் என்றில்லை.